ஸ்டோரில் மூடிய பெட்டி

கேமராவைத் தண்ணீருக்குள் கொண்டுபோகும் பெட்டியை நான் ஏலக்காய் ஸ்டோரில் வைத்துத்தான் மூடுவேன். இதைக் கேட்ட போட்டோக்காரர்கள் எல்லாம் சிரித்திருக்கிறார்கள். எர்ணாகுளத்திலிருந்து வந்த ஒருவர், மூடும்போது மந்திரம் ஏதாவது சொல்வீர்களா என்றுகூடக் கேட்டார். அன்றைக்கு அவருடைய பெட்டிக்குள் மூட்டம் பிடித்து, பெண்ணும் மாப்பிள்ளையும் படத்தில் புகைக்குள் நின்றார்கள். என்னுடையதில் பெண்ணின் மூக்குத்திக் கல் வரை தெரிந்தது. அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை, ஸ்டோர் எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார். நான் சொல்லவில்லை.

ஸ்டோர் என்றால் எங்கள் பக்கத்தில் ஏலக்காயைக் காயவைக்கும் கட்டடம். சாந்தன்பாறைக்கு மேலே உள்ள தோட்டத்தில் என் அண்ணன்தான் ஸ்டோர் அடுப்பைப் பார்த்துக்கொள்கிறான். பறித்த பச்சைக்காய் சாயங்காலம் உள்ளே போகும். விடிய விடிய சூடு ஏறும். காலையில் தட்டை அசைத்தால் காய் கலகலக்கும். அந்தக் காலை நேரம்தான் எனக்கு வேண்டும். ஈரக்காய் உள்ளே இருக்கும்போது போனால் அந்த அறை இட்லிப் பானை. காய்ந்து முடிந்த பிறகு போனால் அதே அறையில் உதடு வெடிக்கும். வருடத்தில் பாதி நாள் வீட்டுச் சுவரே வியர்க்கும் மலையில், ஈரமில்லாத காற்று எங்களுக்கு அங்கேதான் கிடைக்கும். அதைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டால் கண்ணாடியில் மூட்டம் பிடிக்காது. இன்னொரு லாபமும் உண்டு. சூட்டில் மூடிய காற்று வெளியே வந்து ஆறும்போது சுருங்கும். சுருங்கும்போது மூடியை உள்பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொள்ளும். வேலை முடிந்து கொண்டியைத் தளர்த்தினால் 'உஸ்' என்று ஒரு சத்தம் கேட்கும். மூடியைத் திறந்ததும் ஏலக்காய் வாசனை குப்பென்று அடிக்கும்.

"கேமராவப் பாயாசத்துக்குள்ள போட்டு எடுத்த மாதிரி இருக்குடி" என்பாள் அவள்.

அவள் என் கூட்டாளி. தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. லயத்தில் வீட்டுக்கு வீடு இருக்கும் நடுச்சுவர் கூரை வரை போகாது. அவர்கள் வீட்டில் மிளகாய் தாளித்தால் எங்கள் வீட்டில் தும்முவோம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஒரே பெஞ்சில் உட்காருவோம். போகக்கூடாது என்று இரண்டு வீட்டிலும் சொல்லிவைத்த தடுப்பணையில் இரண்டு பேரும்தான் நீந்தக் கற்றுக்கொண்டோம். அடி வாங்கியதும் சேர்ந்துதான்.

பள்ளிக்கூடம் முடிந்ததும் நான் ஸ்டோரில் காய் தரம் பிரிக்கப் போனேன். அவள் டவுனில் ஒரு ஸ்டுடியோவில் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாள். அப்போதுதான் மலையெல்லாம் ரிசார்ட்டுகள் முளைத்தன. கல்யாணம் முடிந்தவர்கள் தேனியிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வந்து, பட்டுப்புடவையோடு நீச்சல் குளத்துக்குள் இறங்கிப் படம் எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டார்கள். ஆனால் ஈரப் புடவையில் நிற்கும் பெண்ணுக்குப் பக்கத்தில் ஒரு ஆம்பளை கேமராவோடு முங்குவதை எந்த மாமியார் ஒத்துக்கொள்வாள்? இதைக் கண்டுபிடித்தவள் அவள்தான். "பொம்பள எடுத்தா சரிம்பாங்க. உன்னயத் தவிர யாருக்குடி தண்ணிக்குள்ள கண்ணத் தொறக்கத் தெரியும்?" என்றாள். கடலில் படம் எடுத்து ஓய்ந்துபோன ஒருவரிடமிருந்து பழைய கேமராவும் பெட்டியும் சேர்ந்து வாங்கினோம். நான் தண்ணீருக்குள் போவேன். அவள் கரையில் நின்று புடவைக்கு ஊக்கு குத்துவாள், விளக்கு பிடிப்பாள், பதறும் மாமியாரைச் சமாளிப்பாள். அதை அவளைப்போல யாராலும் செய்ய முடியாது, இன்றைக்கும் சொல்வேன்.

பெட்டிக்கு உயிர் அதன் மூடியைச் சுற்றி ஓடும் ஒரு ரப்பர் வளையம். ரிங் என்போம். பழைய பெட்டி என்பதால் அதை நான் கைக்குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன். ஊசியோ கத்தியோ வைத்து அதைக் கிளப்பக்கூடாது. கீறல் விழுந்தால் போயிற்று. பழைய ஏ.டி.எம் கார்டின் முனைதான் சரி. வெளியே எடுத்ததும் கண்ணை மூடிக்கொண்டு விரல்களுக்கு நடுவே ஒரு சுற்று ஓடவிட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத மணல் விரலுக்குத் தெரியும். ரிங் உட்காரும் பள்ளத்தைப் பஞ்சால் துடைக்கக்கூடாது. பஞ்சு நூல் விடும். மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணிதான் நல்லது. கிரீஸ் மினுமினுக்கும் அளவுக்கு மட்டும். தண்ணீரைத் தடுப்பது கிரீஸ் என்று நிறையப் பேர் நினைத்து அப்பிவிடுகிறார்கள். தடுப்பது ரிங். கிரீஸ் அது சுருளாமல் உட்கார மட்டும்தான். அதிகம் தடவினால் ஊரில் உள்ள தூசியெல்லாம் அதில் வந்து ஒட்டும். புது ரிங் போட்டால், கேமரா இல்லாமல் வெறும் பெட்டிக்குள் டிஷ்யூ பேப்பரை வைத்து மூடி, வாளித் தண்ணீரில் கல் ஏற்றி அமுக்கிவைப்பேன். பேப்பர் காய்ந்தபடி வெளியே வந்தால்தான் கேமராவுக்கு உள்ளே இடம். ஆழத்தில் தண்ணீரே மூடியை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். இடுப்பளவு நீச்சல் குளத்தில்தான் பயப்பட வேண்டும். அங்கே ஒரு முடி போதும், தண்ணீர் வழி கண்டுபிடித்துவிடும்.

இதையெல்லாம் நான் செய்யும்போது டார்ச் பிடிப்பவள் அவள். ரிங்கைச் சுற்றி வெளிச்சத்தை ஓட்டிக்கொண்டே, "உனக்குப் புருசன் வந்தாக்கூட இப்பிடித்தான் துடச்சுப் பாப்ப" என்று கிண்டல் செய்வாள். ஒரு சொட்டு விடாதவள் என்று எனக்கு ரிசார்ட்டுகளில் ஒரு பேர் வந்தது. அந்தப் பேர் ஒன்றுதான் என் சொத்து. அது இல்லாவிட்டால் எனக்குத் திரும்பிப் போக ஸ்டோர்தான் உண்டு, முட்டி மடக்கி உட்கார்ந்து காயைப் பொறுக்குவதற்கு.

அப்படி இருக்கும்போது பெரிய ரிசார்ட் ஒன்றின் மேனேஜர் கூப்பிட்டுவிட்டார். குளத்துப் படங்களுக்கு அவர்களே ஒரு ஆளை நிரந்தரமாக வைத்துக்கொள்ளப் போகிறார்களாம். புதுக் கேமரா, புதுப் பெட்டி, மாதச் சம்பளம். ஆனால் ஒரு ஆளுக்குத்தான் இடம். அடுத்து வரும் ஜோடிக்கு எடுத்துக் காட்டுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். அவருடைய அறையிலிருந்து வெளியே வந்ததும் அவள் என் கையைப் பிடித்தாள்.

"நீ வேலைல கேறிக்கடி. தண்ணிக்குள்ள போறவ நீதான். அப்பறமா என்னயவும் உள்ள இழுத்துக்கோ."

அவள் அப்படிச் சொன்னதில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்போது நினைத்தால் அந்தக் கண்ணீர்மேல்தான் எனக்கு முதல் கோபம்.

படம் எடுத்துக் காட்ட வேண்டிய நாள் காலையில் ஸ்டோருக்குப் போனேன். அண்ணன் தட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தான். "வந்துட்டாளா? கேமராவயும் சேத்துத் தரம் பிரிச்சு அனுப்பிருவோமா?" என்றான். வழக்கமான கேலிதான். போன வாரம்தான் ரிங்கைப் புதிதாக மாற்றி வாளியில் போட்டுப் பார்த்திருந்தேன், டார்ச் பிடித்தது அவள். துடைத்து, தடவி, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தைச் சூடாகவே உள்ளே வைத்து, கொண்டியைப் போட்டேன். கேமராவின் கார்டில் போன கல்யாணத்துப் படங்களும் அப்படியே இருந்தன. இன்னும் லேப்டாப்பில் ஏற்றவில்லை, இடம் நிறைய இருந்ததால் கார்டை மாற்றவும் இல்லை.

ரிசார்ட்டில் மணப்பெண்ணுக்கு அலங்காரம் செய்ய ஒரு ஏசி அறை கொடுத்திருந்தார்கள். பெண்ணுக்கு மாம்பழக் கலர் பட்டு. தலைமுடி தண்ணீரில் கலையாமல் இருக்க, கொண்டையில் ஸ்பிரேயை அடி அடி என்று அடித்து அந்த அறையே நெடி ஏறிக் கிடந்தது. அலங்காரம் முடிந்ததும் நான் பெண்ணைக் குளத்தின் படிக்குக் கூட்டிப்போய், மூச்சை எப்படிப் பிடிப்பது, கண்ணை எப்போது திறப்பது என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பெட்டி அந்த அறையில் என் கூட்டாளியிடம் இருந்தது. புடவை முந்தியில் பிரிந்த நூல்களை வெட்டிவிட்டு லேப்டாப்போடு பின்னாலேயே வருகிறேன் என்றாள். வரக் கொஞ்சம் நேரமாயிற்று. வெயில் நன்றாக ஏறியிருந்தது.

மேனேஜர் கரையில் கைகட்டி நின்றார். நான் முங்கினேன். பெண் அழகாகக் கண்ணைத் திறந்தாள், முந்தி மெதுவாக விரிந்தது. அடுத்த மூச்சுக்கு மேலே வந்து மறுபடி முங்கியபோது கண்ணாடிக்கு உட்புறம், கீழ் ஓரத்தில், ஒரு துளி ஓடியது. வெளியே இருக்கும் துளி என்று மனசு சொல்லிப் பார்த்தது. தண்ணீருக்குள் வெளியே எப்படித் துளி இருக்கும்? பெட்டியைக் குப்புறக் கவிழ்த்துப் பிடித்தபடி, கேமராவில் தண்ணீர் படாமல் முன்கண்ணாடிப் பக்கம் தேங்கட்டும் என்று, படி ஏறி ஓடினேன். துண்டால் துடைத்துக் கொண்டியைத் தளர்த்தினேன்.

'உஸ்' சத்தம் வரவில்லை.

மூடியைத் திறந்தேன். ஏலக்காய் வாசனை இல்லை. உள்ளேயிருந்து வந்தது கொண்டைக்கு அடித்த ஸ்பிரேயின் நெடி. ரிங்மேல் குறுக்காக ஒரு நூல் கிடந்தது, மாம்பழக் கலரில். என் ஸ்டோரில் எங்கே வந்தது பட்டுநூல்? ஏசியின் குளிர்ந்த காற்றை உள்ளே வைத்து மூடி, வெயிலில் கொண்டுவந்து வைத்தால் அந்தக் காற்று உப்பி மூடியை வெளிப்பக்கமாகத் தள்ளும். அதோடு நூலும் சேர்ந்தால் தண்ணீருக்கு வேறென்ன வேண்டும்? கேமரா ஒரு தடவை சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு அணைந்துபோனது.

"எந்து பற்றி?" என்ன ஆயிற்று என்று மலையாளத்தில் கேட்டுக்கொண்டே மேனேஜர் வந்தார்.

"தண்ணி கேறிருச்சு சார்."

"ஆரா இது அடச்சது?"

அவர் இரண்டு பேரையும் பார்த்தார். நான் அவளைப் பார்த்தேன். அவள் வாயில் ஊக்குகளைக் கவ்வியிருந்தாள். ஒவ்வொன்றாக எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். இப்போது சொல்லிவிடுவாள் என்று நம்பினேன். என்னத்துக்கோ திறந்துவிட்டாள், அவ்வளவுதானே. சொன்னால் அவளுக்கு முன்னால் நான் போய் நின்றிருப்பேன். நாங்கள் ஏதோ அவசரத்தில் திறந்துவிட்டோம் என்று 'நாங்கள்' போட்டே பேசியிருப்பேன்.

"அவதான் சார் அடச்சா. காலைலயே அடச்சுக் கொண்டாந்துட்டா. நான் தொட்டுக்கூடப் பாக்கல."

அடைத்தது நான் என்பது உண்மை. தொட்டுப் பார்த்தாயா என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை. அதை அவளாகவே சொன்னாள்.

சொல்லிவிட்டு, அழ ஆரம்பித்த மணப்பெண்ணைத் தேற்றப் போய்விட்டாள். என் முகத்தை அவள் பார்க்கவில்லை. நான் நூலை விரலில் சுருட்டிக்கொண்டு நின்றேன். அதைத் தூக்கிக் காட்டி ஊரைக் கூட்டியிருக்கலாம். நான் வாயில்லாப் பூச்சி ஒன்றும் இல்லை. லயத்தில் குழாயடிச் சண்டையில் என்னிடம் வந்து யாரும் ஜெயித்துப் போனதில்லை. ஆனால் நான் காட்டி அவள் ஒத்துக்கொள்வது எனக்கு வேண்டாம். அவளாக வந்து சொல்ல வேண்டும், அது மட்டும்தான் வேண்டும். மேனேஜர் ஜோடியிடம் "சாரமில்ல, சாரமில்ல" என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து வாசல் பக்கம் கையைக் காட்டினார்.

திரும்பும்போது ஜீப்பில் தோட்டத்தில் வேலை முடிந்து போகும் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அவள் முட்டி என் முட்டியில் இடித்துக்கொண்டே வந்தது. செத்த கேமரா என் மடியில் இருந்தது. வளைவு திரும்பும் இடத்தில் அவள் என் முதுகில் கை வைத்தாள்.

"விடுடி. ரிங்கு பழசாயிருக்கும்."

ரிங் புதியது. அவள் டார்ச் பிடிக்க நான் மாட்டியது. அது தெரிந்தும் என் முதுகைத் தடவிக்கொண்டே அதைச் சொன்னாள். எனக்கு அழுகை வரவில்லை, வெறி வந்தது. இறங்கும் வரை அந்தக் கை என் முதுகில் இருந்தது, நான் அதைத் தட்டிவிடவும் இல்லை. இன்னும் நேரம் இருக்கிறது, லயத்துக்குப் போனதும் சொல்வாள் என்று எனக்குள் ஒரு மடச்சி சொல்லிக்கொண்டிருந்தாள். லயத்துக்குப் போனோம். அவரவர் கதவைத் திறந்து உள்ளே போனோம். நடுச்சுவருக்கு அந்தப்பக்கம் அவள் அம்மாவிடம் சிரித்துப் பேசுவது கேட்டது.

ஒரு சொட்டு விடாதவள் என்ற பேர் போய்விட்டது. எங்களுக்கு வேலை கொடுத்த ரிசார்ட்டுகள் ஒவ்வொன்றாகக் கூப்பிடுவதை நிறுத்தின. வேறு கேமராவுக்கு வழியில்லை. நான் ஸ்டோருக்குத் திரும்பிப் போனேன். அவள் கொஞ்ச நாளில் பையைத் தூக்கிக்கொண்டு காலையில் கிளம்பிச் சாயங்காலம் வர ஆரம்பித்தாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. பிறகு டவுனில் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஒரு நாள் காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது அண்ணன் செல்போனை என் மூக்குக்கு முன்னால் நீட்டினான். "ஏய், இது நீ எடுத்ததுல்ல?" அந்தப் பெரிய ரிசார்ட்டின் விளம்பரம். ஒரு மணப்பெண் நீலத் தண்ணீருக்குள் மெதுவாக இறங்குகிறாள், வளையல்கள் முழங்கை வரை மிதந்து ஏறுகின்றன, கண்ணைத் திறக்கிறாள். படத்தின் வலது மூலையில் சின்னச் சின்னதாகக் குமிழிகள். அது என் மூச்சு. மூச்சை நான் எப்போதும் வலது கடைவாயில்தான் விடுவேன். போன கல்யாணத்துப் படம் அது. அந்தக் கார்டைத் தவிர வேறெங்கும் இல்லாத படம். கடைசியில் ரிசார்ட் பனியன் போட்டுக்கொண்டு, புதுப் பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி, அவள் சிரித்தாள்.

அவள் எதற்காகப் பெட்டியைத் திறந்தாள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் வெளியே பெண்ணுக்கு மூச்சு பழக்கிக்கொண்டிருந்த நேரத்தில், கார்டை எடுத்து லேப்டாப்பில் ஏற்றி, பிறகு நான் எடுத்ததைத் தான் எடுத்ததாக மேனேஜரிடம் காட்டியிருக்கிறாள். கேமராவை வேண்டுமென்று நனைக்கவில்லை, அது எனக்குத் தெரியும். திறந்தது வேலைக்காக. நனைந்ததும் பழி என்மேல் விழுந்ததும் அவளுக்குத் தானாக வந்த லாபம். அந்தப் படத்தை என்னிடம் கேட்டிருந்தால் நானே கொடுத்திருப்பேன். நீயே எடுத்ததாகச் சொல்லிக்கொள், வேலையை வாங்கு என்றுகூடச் சொல்லியிருப்பேனோ என்னவோ. யோசித்துப் பார்க்க எனக்கு ஒரு வாய்ப்புகூட அவள் தரவில்லை. அதுதான் இன்றைக்கும் என்னால் தாங்க முடியாதது.

மழை பிடித்த பிறகு, காய் பறிப்பு மும்முரமாக இருந்த ஒரு காலையில், அவள் ஸ்டோர் வாசலில் வந்து நின்றாள். மழைக்கோட்டுக்குள் புதுப் பெட்டி. அண்ணன் அவளைப் பார்த்துவிட்டு, விறகு எடுக்கிறேன் என்று பின்பக்கம் போய்விட்டான்.

"நல்லாருக்கியா?" என்றாள். நான் காய்த் தட்டை அசைத்துப் பார்த்தேன்.

"உள்ள மூட்டமாப் புடிக்குதுடி. மேனேஜர் சத்தம் போடுறாரு. ஏசில வச்சு அடச்சுப் பாத்தேன், முடி காயவைக்கிற மெசின அடிச்சுப் பாத்தேன். எதுவும் நிக்கல. நாளைக்கு ஒரு பெரிய பார்ட்டி. ஒரே ஒரு தடவ அடச்சுக் குடு."

போ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் கை அதற்குள் பெட்டியை வாங்கிவிட்டது. என் கைக்கு ரோஷம் இல்லை. மூடியைத் திறந்து பார்த்தால், பன்னுக்கு வெண்ணெய் தடவுவதுபோல ரிங்கில் கிரீஸை அப்பி வைத்திருந்தாள். அதில் மணல், முடி, எல்லாம் இருந்தன. இத்தனை நாள் இது தாங்கியதே பெரிது. ரிங்கைக் கிளப்பி, துடைத்து, கண்ணை மூடி விரலில் ஓட்டிப் பார்த்தேன். அவள் தானாகவே செல்போன் டார்ச்சைப் போட்டுப் பிடித்தாள். பழைய மாதிரியே ரிங்கைச் சுற்றி வெளிச்சத்தை ஓட்டினாள். அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு எல்லாம் மறந்துபோயிருந்தது என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். காய்ந்த தட்டுகளுக்கு நடுவே வைத்துச் சூடேறியதும் மூடி, கொண்டியைப் போட்டு அவள் கையில் கொடுத்தேன்.

"லீக் ஆகாதுல்ல?" என்றாள்.

"நடுவுல தொறக்காம இருந்தா ஆகாது."

டார்ச் வெளிச்சம் அப்படியே நின்றது.

"அன்னைக்குத் தொறந்தப்ப ஏலக்கா வாசன வரல" என்றேன். "கொண்டைக்கு அடிக்கிற ஸ்பிரே நெடிதான் வந்துச்சு. ரிங்குல முந்தி நூலு கெடந்துச்சு."

அவள் முகம் வெளுத்தது. அப்புறம் சிவந்தது. தப்புப் பண்ணிட்டேன்டி என்று இப்போதாவது சொல்வாள் என்று, சத்தியமாக, அப்போதும் எதிர்பார்த்தேன். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

"அப்பவே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டா இத்தன நாளு கல்லு மாதிரி இருந்த? நாம என்ன நேத்துப் பழகுனவங்களா? ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லிருக்கலாம்லடி."

குற்றம் என்னுடையது ஆகிவிட்டது. அதையும் என் முகத்தைப் பார்த்தே கேட்டாள்.

"நீ சொல்லுவேன்னுதான்டி நின்னேன்" என்றேன்.